பாக்கி 11 கரண்ட்: புற்றுநோய்ச் சிகிச்சையும் அதை முடிக்க வைக்கும் வேலையும்

எங்கள் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்பதுதான் பேச்சு. பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் கணக்கு இப்படித்தான் ஓடியது: வெளியே 25 கரண்ட், வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட், அதாவது கருப்பைவாய்க்குப் பக்கத்திலேயே கதிர்வீச்சுப் பொருளை வைத்துக் கொடுப்பது, தனி.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். இடுப்பைச் சுற்றி மையால் கோடு போட்டிருந்தார்கள். இயந்திரத்துக்கு அடியில் தினமும் ஒரே இடத்தில் படுக்க வைப்பதற்கான அடையாளம் அது. அழிந்துவிடக் கூடாது என்று பெரியம்மா அந்த இடத்தில் சோப்பு போடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக் குளித்தார். சிகிச்சை அட்டையில் தினமும் ஒரு டிக் விழும். 14-வது டிக் விழுந்த அன்று மாலை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “எட்டு மாசமா நிக்காத ரத்தம் நின்னு போச்சு. இன்னும் எதுக்குடா உடம்பச் சுட்டுக்கணும்? அங்க ஆட்டப் பாக்க ஆளில்ல. ஊருக்குப் போலாம் வா.”

பாக்கி 11 இருந்தது. அன்று எனக்குச் சரியான பதில் தெரியாது. டாக்டர் சொன்னபடி கேட்போம் என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதிர்வீச்சு, செல்லின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை உடைக்கிறது. அடிபட்ட செல் அந்த நிமிடமே சாவதில்லை. அடுத்து இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் சாகிறது. நல்ல செல்களும் கூடவே அடிபடுகின்றன. ஆனால் அவற்றுக்கு ராத்திரிக்குள் பழுதுபார்த்துக்கொள்ளும் திறமை அதிகம். ஒரே நாளில் மொத்தத்தையும் கொடுக்காமல் தினமும் கொஞ்சமாகக் கொடுப்பது அதனால்தான். கட்டியின் மேல்பகுதி சுருங்கியதும் ரத்தக்கசிவு நிற்கிறது; பல பேருக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே நின்றுவிடும். உள்ளே மிச்சம் இருக்கும் செல்களோ சில வாரங்கள் போனதும் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து நாம் ஊருக்குக் கிளம்பினால், பிழைத்த செல்களுக்கு இடம் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் வெளிக் கரண்டும் உள்கரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. ஒரு வாரம் தீபாவளிக்குப் போய் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் ஒரு புற்றுநோய் மையம் எப்படி என்று யாராவது கேட்டால், என்ன இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். அங்கே சிகிச்சையை ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. நம் ஊரில் நடந்த புற்றுநோய் ஆராய்ச்சியின் நல்ல பக்கங்களைப் புரட்டினாலும் அதே கேள்விதான் உள்ளே ஓடுகிறது: திரும்பத் திரும்ப வர முடியாத மனிதருக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையும் ஒரு தாமதத்தில்தான் ஆரம்பிக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தன் தங்கை சுந்தராம்பாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மலக்குடலில் இருந்த புற்றைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். அக்காவே டாக்டராக இருந்தும் நோய் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பெரியம்மாவுக்கும் எட்டு மாதம் ‘சூட்டு ரத்தம்’ என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நூறு வருடம் தள்ளி நடந்தாலும் இரண்டும் ஒரே கதைதான் என்று தோன்றும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

1935-ல், தான் படித்த கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி பேசினார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பெரிய இடங்களில் இருந்தவர்களே நினைத்த காலம் அது. 1949-ல் இந்திய மாதர் சங்கம் நிதி திரட்ட ஆரம்பித்தது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அங்கே வேலையைத் தொடங்கிய முதல் டாக்டர் முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த ஆண்டு, எழும்பூர் அரசு மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார் டாக்டர் சாந்தா. அதே வளாகத்திலேயே குடியிருந்து, 2021-ல் இறக்கும்வரை அங்கேயே வேலை பார்த்தார். மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன.

கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளால் கரண்ட் வைக்கும் இந்தியாவின் முதல் இயந்திரம் 1950-களிலேயே கனடாவிலிருந்து இங்கே வந்தது. கோபால்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சுமார் 5 ஆண்டு 3 மாதத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பழைய கோபால்ட்டை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு நோயாளியும் அதற்கு அடியில் படுத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகும், வெளியே வரிசை நீளும். மின்சாரத்தில் ஓடும் லீனியர் ஆக்ஸிலரேட்டர்கள் அந்த இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மக்கள் ‘கரண்ட்’ என்று சொல்வது இப்போது பாதி பொருந்தத்தான் செய்கிறது.

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். வெற்றிலையோடு புகையிலையை அதக்கும் பழக்கத்தின் விளைவு அது. அடையாறில் கரண்டோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் முயற்சிகள் ஆரம்ப காலத்திலேயே நடந்தன. பிளியோமைசின் மருந்தைச் சேர்த்துச் செய்த ஆய்வைச் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1980-ல் வெளியிட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கரண்டோடு சிஸ்பிளாட்டின் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்கு அறிவித்தது 1999-ல்தான். பெரியம்மாவுக்கு வாரம் ஒரு முறை ஏற்றிய மருந்து அதுதான்.

குழந்தைகள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோயில் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற வகை குழந்தைகளை அதிகம் தாக்கும். 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் அந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மேலைநாடுகளில் பாதிக்கும் மேல் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கொடுத்த மருந்துமுறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. வீரியமான கீமோ கொடுத்தால் வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்குப் போகும். ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்று வார்டில் சொல்வார்கள். அந்த நேரத்தில் வரும் சாதாரணக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். உடனே நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், பிளேட்லெட் கையில் இருக்க வேண்டும். குழந்தையின் வீடோ 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பக்கத்து கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் கணக்கில் வைத்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு மூன்று இடங்களிலும் எம்.சி.பி. 841 என்ற ஒரே மருந்துமுறையைக் கொண்டுவந்தார்கள். இந்த ஊரில் கிடைக்கும் வசதிகளால் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்கு அதை வடிவமைத்தார்கள். நோய் திரும்பாமல் நான்கு ஆண்டைத் தாண்டியவர்கள் மையத்தைப் பொறுத்து 41 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தார்கள். புது மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்துகளை, நம் குழந்தை வாழும் இடத்தைப் பார்த்து அடுக்கினார்கள், அவ்வளவுதான். மருத்துவ ஆராய்ச்சி என்றால் சோதனைக்குழாய் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் எடுத்துச் சொல்வேன்.

எண்ணிப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். 1981-ல் அடையாறில் சென்னை மாநகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு ஆரம்பித்தது. பதிவேட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுவார்கள். சதை டெஸ்ட் செய்யும் லேப்களுக்குப் போவார்கள். இறப்புச் சான்றுகளைத் தேடுவார்கள். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமான எழுத்தில் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவார்கள். 2012-லிருந்து இந்த வேலை தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்தது. சென்னைப் பெண்களிடம் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் வருடா வருடம் இறங்கியதும், மார்பகப் புற்றுநோய் அந்த இடத்துக்கு ஏறியதும் இந்தப் பதிவேட்டால்தான் நமக்குத் தெரியும். 

2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் சென்னைப் பதிவேட்டை வைத்து ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்குப் பிறகு வராமல் போனவர்களை வீடு தேடிப் போய் விசாரிக்காமல், பிழைத்தவர்கள் இத்தனை பேர் என்று கணக்கிட்டால், அந்தக் கணக்கு உண்மையைவிட நன்றாகத் தெரியும் என்று அது காட்டியது. காரணம் எளிது. வராமல் போனவர்களில் பலர் இறந்துபோயிருப்பார்கள். ஆஸ்பத்திரியின் கணக்கில் அவர்கள் கடைசியாக வந்துபோன நாளில் உயிரோடு நிற்கிறார்கள். கதவைத் தட்டிக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

சரி, மருந்து விலைக்கு வருவோம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயை உண்டாக்கும் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்து அடைக்கும் மருந்து அது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவது மாதிரி வீட்டிலிருந்தே தினமும் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வாழலாம். இதே மாத்திரையை நோவார்டிஸ் கம்பெனி கிளீவெக் என்ற பெயரில் விற்றபோது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நோவார்டிஸ் காப்புரிமை கேட்ட விண்ணப்பம் சென்னை அலுவலகத்தில்தான் இருந்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பை அமைப்பு ஒன்றும் மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றினால் மட்டும் புதுக் காப்புரிமை கிடைக்காது என்கிற காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து நோவார்டிஸ் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளுபடி செய்தது. நோவார்டிஸுக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று கடைசித் தீர்ப்பைச் சொன்னது. அந்தத் தீர்ப்பும் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு முன்னேற்றம் என்றே நான் எண்ணுகிறேன். விலை எட்டாவிட்டால் நோயாளி மாத்திரையை இரண்டு நாளைக்கு ஒன்றாக விழுங்குவார், அப்புறம் நிறுத்திவிடுவார்.

நோயாளியின் செல்லையே எடுத்து மாற்றி ஏற்றும் கார்-டி சிகிச்சையில், ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் இன்னும் பல லட்சம். அது சாதாரண வீட்டுக்கு வந்து சேர நாள் ஆகும்.

அதைவிட என் மனதுக்கு நெருக்கமானது ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை. அங்கே உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சில் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வை ஆரம்பித்தன. மொத்தம் 114 ஊராட்சிகள். பாதியில் பரிசோதனை உண்டு, மீதியில் வழக்கமான வைத்தியம். பரிசோதனை இதுதான்: பயிற்சி பெற்ற நர்ஸ், நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் மாதிரியான ஒன்றில், பஞ்சை நனைத்துக் கருப்பைவாயில் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். புற்றாக மாறக்கூடிய இடம் இருந்தால் அங்கே மட்டும் வெள்ளையாகத் திட்டு தெரியும். லேப் வேண்டாம், ரிசல்ட்டுக்காக இரண்டு வாரம் கழித்து வா என்று சொல்ல வேண்டியதில்லை. பொருத்தமான இடமாக இருந்தால் அன்றைக்கே உறையவைத்து அழித்துவிடுவார்கள். காலையில் வந்த பெண் மாடு கறக்கும் நேரத்துக்கு வீடு திரும்பலாம்.

2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனை செய்ததாலேயே, அந்த ஊராட்சிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அழைத்த 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர்தான். அதற்கே இந்தப் பலன்.

அடுத்து நடந்தது எதிர்பாராதது. இந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை மூன்று முறை போட வேண்டுமா, இரண்டு போதுமா என்று பார்க்க 2009-ல் இந்தியாவின் பல இடங்களில் ஓர் ஆய்வு ஆரம்பித்தது. அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். வேறோர் ஆய்வில் எழுந்த சர்ச்சையால் 2010 ஏப்ரலில் எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டது. முதல் ஊசியோடு நின்றுபோன பெண்கள் சுமார் 4,950 பேர். வேலை பாழாகிவிட்டது என்று கைகழுவாமல், ஆய்வாளர்கள் அந்தப் பெண்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே ஊசி போட்டவர்களுக்கும் மூன்று போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாதுகாப்பு இருந்தது. ஒரு டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இருக்கும் ஆதாரங்களில் இது முக்கியமானது. தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியை அறிவித்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் உலகம் முழுக்க இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு ஊசிகளை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கரண்டிலும் இதே திசையில்தான் நகர்வு. மார்பகப் புற்றுக்கு முன்பு 25 முறை கொடுத்ததை 15 முறையாகக் குறைக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2013-ல் காட்டின. பலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை போதும் என்று 2020-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஐந்து வார வாடகை ஒரு வார வாடகையாகிறது. கருப்பைவாய்க்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

அதுவரை தங்க இடம் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. பெரியம்மாவின் கரண்டுக்கும் மருந்துக்கும் அந்த அட்டைதான் கைகொடுத்தது. ஆனால் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, கூட இருப்பவர் இழக்கும் கூலி ஆகியவற்றுக்கு அந்த அட்டையில் இடமில்லை. ரயிலில் சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கும் பெரிய சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கையெழுத்து போட்டுக்கொண்டு போக வேண்டும். இது தெரியாமல் முழுக்காசு கொடுத்துப் போகும் எத்தனையோ குடும்பங்களை நான் வெயிட்டிங் ஹாலில் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்கு செயிண்ட் ஜூட்ஸ் மையங்கள் சென்னையிலும் வேலூரிலும் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஓர் இடம், சமைக்க அடுப்பு, மளிகைச் சாமான் எல்லாம் இலவசம். கவுண்ட் இறங்கிய குழந்தைக்குச் சுத்தமான தண்ணீரும் வீட்டுச் சாப்பாடும் கிடைப்பது மருந்துக்குச் சமம்.

அன்று பெரியம்மாவை நிறுத்தியது நான் இல்லை. மறுநாள் காலை, கரண்ட் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வந்தவாசிக்காரர் ஒருவர், தன் மனைவியின் அட்டையைக் காட்டினார். அதில் முன்பு 16 டிக், அப்புறம் ஒன்பது மாத இடைவெளி, பிறகு புதிதாக ஆரம்பித்த பக்கம். “ரத்தம் நின்னுச்சும்மா, நாத்து நடப் போயிட்டோம்” என்றார். பெரியம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குத் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் போட்டு, ஆட்டை மாமா வீட்டுப் பட்டியில் விடச் சொன்னார்.

முடித்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஃபைல் நம்பரைச் சொல்லி, எப்படி இருக்கிறார், ரத்தக்கசிவு ஏதாவது உண்டா, கால் வீக்கம் இருக்கிறதா என்று ஒரு பெண் வரிசையாகக் கேட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். பெரியம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “நீ சாப்டியாம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.